ஆரஞ்சுப் புள்ளியின் மேல் நான் வைத்த பொட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழிக் காலை. கோவையிலிருந்து மதுரைக்கு நண்பனின் குட்டி விமானத்தில் வந்துகொண்டிருந்தோம். விமானத்தை ஓட்டிய நண்பன், பக்கத்தில் நான், பின் சீட்டில் என் மனைவி. மூன்றே பேர். அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

நான் மதுரையில் காளவாசல் பக்கம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் கரன்ட் போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நண்பன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, விமானம் ஓட்ட லைசென்ஸும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். சும்மா வந்தானா? நான்கு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றையும் வாங்கிவிட்டான். கார் வாங்கினாலே பத்து நாள் பேசுகிற ஊர் எங்கள் ஊர். இவனைப் பற்றி எத்தனை நாள் பேசியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவன் என்னைக் கூப்பிட்டான்.

“மாப்ள, நம்ம வண்டிக்கும் பூசை போடணும். நீ வந்து முன்ன நில்லு. எனக்கு இதெல்லாம் மறந்து போச்சு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பூஜை என்றால் நான் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. என் கடையில் ஸ்பேனரிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரை பொட்டு வாங்காத சாமான் ஒன்றுகூட இருக்காது. மனைவி கரைத்துக் கொடுத்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போனேன். இறக்கை, சக்கரம், முன்னால் சுற்றுகிற விசிறி எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. உள்ளே ஏறினால் முன்பக்கப் பலகை முழுக்க மீட்டர்கள். கையை நீட்டியதும் வெளியிலிருந்து கத்தினான்.

“கண்ணாடில வச்சுராத மாப்ள, முள்ளு தெரியாமப் போயிரும்!”

சரி, எங்கேதான் வைப்பது என்று தேடினேன். பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. விசிட்டிங் கார்டைவிடச் சிறியது. நடுவில் வட்டமாக ஓர் ஆரஞ்சுப் புள்ளி. சுற்றிலும் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. பொட்டு வைக்கவென்றே அளவெடுத்து விட்ட இடம் மாதிரி இருந்தது. விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அந்தப் புள்ளியின் மேல் அப்பினேன். அதன் மேல் குங்குமம். கண்ணாடி போடாமல் எனக்குப் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. அவன் வெளியே பூசணிக்காய் உடைப்பதில் மும்முரமாக இருந்தான். உள்ளே வந்து பார்த்தபோது, “ஜம்முனு இருக்கு மாப்ள” என்றான். அவனும் கவனிக்கவில்லை.

மார்கழியில் கோவையில் மனைவியின் தங்கை வீட்டில் விசேஷம். நண்பனும் ஒரு வேலையாக அங்கே வந்திருந்தான். பஸ்ஸில் எதற்கு அலைய வேண்டும், ஒரு மணி நேரத்தில் மதுரையில் இறக்கிவிடுகிறேன் என்றான். மனைவிக்குப் பயம். நான்தான் கேலி பண்ணி ஏற்றினேன்.

மலைகள் இருப்பதால் உயரத்தில் போக வேண்டும் என்று ஒன்பதாயிரம் அடிக்கு மேலே கொண்டுபோனான். அங்கே குளிர் எலும்பைப் பிடித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டும் மனைவிக்குப் பல் தந்தியடித்தது.

“என்னங்க, குளிரு தாங்க முடியல. அண்ணன்கிட்ட ஏதாச்சும் பண்ணச் சொல்லுங்க.”

நண்பன் சிரித்தான். மதுரை வெயிலில் ஹீட்டருக்கு எங்கே வேலை, வாங்கியதிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவை போடப்போகிறேன் என்று சொல்லி, ஒரு குமிழைக் காட்டி இழுக்கச் சொன்னான். இழுத்தேன். காலடியில் கதகதப்பாகக் காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று முழுக்க இழுத்துவிட்டேன். அதையும் செய்தது இந்தக் கைதான்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல வலி. காலையில் சாப்பிட்ட பொங்கல் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். வயிற்றையும் புரட்டியது. பின்னால் திரும்பினால் மனைவி தூங்கிவிட்டிருந்தாள். பயத்தில் சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தவள் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தூங்கினாள் என்று லேசாக உறைத்தது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எங்கள் விமானத்தைக் கூப்பிட்டார்கள். நண்பன் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அவன் நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளைத் தட்டினேன்.

“கூப்புடுறாகடா.”

“சொல்லிட்டேன்ல மாப்ள.”

அவன் வாயே திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, பறக்கிற உயரம் என்று ஏதோ ஓர் எண்ணைச் சொன்னான். அவர்கள் தவறு என்று திருத்தினார்கள். மறுபடியும் அதே தவறான எண்ணையே சொன்னான். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கீழே சிறுமலைப் பக்கத்துக் காடு. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் குடித்தவன் மாதிரிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தலைவலி எனக்குத் தெரிந்த தலைவலி என்று அந்த நேரம் பார்த்து ஒரு நினைப்பு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் வைத்து ஓடவிட்டு, நானும் உள்ளேயே உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்ட அதே வலி. மூடிய அறையில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன கதைகளை எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்டிருப்போம். ஆனால் இங்கே புகையும் இல்லை, நாற்றமும் இல்லையே என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கதகதப்பான காற்று மட்டும்தான் வந்தது.

கண் தானாக என் பொட்டின் மேல் போனது. எதற்கென்று தெரியாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். காய்ந்த சந்தனத்துக்கு வெளியே பாதி எழுத்துகள் தெரிந்தன. கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர் புகையில் இருந்து ஆளைக் கொல்கிற அதே வாயு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புள்ளி கறுத்தால் ஆபத்து என்று கீழே போட்டிருந்தது. நான் குங்குமம் வைத்து மறைத்தது அந்தப் புள்ளியை.

நகத்தால் சுரண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஆரஞ்சு இல்லை. அழுக்குச் சாம்பலாக ஏதோ ஒரு நிறம். அது வாயு பட்டு மாறிய நிறமா, என் சந்தனத் தண்ணீர் ஊறி மாறிய நிறமா? சொல்லத் தெரியவில்லை. எங்களிடம் உண்மையைச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான். அதன் கண்ணை நானே கட்டியிருந்தேன்.

“ஹீட்டர நிப்பாட்டுடா! வாயு வருதுடா!” என்று கத்தினேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள, வீட்டுக்குப் போயிறலாம்” என்றான் அதே சிரிப்போடு.

அவனிடம் பேசிப் பயனில்லை. குமிழை நானே உள்ளே தள்ளினேன். ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்தேன். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. மேலே இருந்த காற்றுத் துளைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அவன் முகத்துக்கு நேராக வைத்தேன். பிறகு பின்னால் கையை நீட்டி மனைவியை உலுக்கினேன். வாய் திறந்தபடி தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். அசைவில்லை. கேலி பண்ணி இவளை ஏற்றினோமே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, நண்பனின் சிரிப்பு நின்றது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“மாப்ள... எனக்கு என்னமோ பண்ணுதுடா. பேசிக்கிட்டே இரு. நிப்பாட்டாத.”

விமானத்தைக் கீழே இறக்க ஆரம்பித்தான். கட்டுப்பாட்டு அறையிடம் நிலைமையைச் சொன்னான், இந்தத் தடவை அவன் சொன்ன எண்ணை யாரும் திருத்தவில்லை. எங்கள் கணக்கு வாத்தியாரிலிருந்து கேன்டீன் பரோட்டா வரை வாய்க்கு வந்ததையெல்லாம் நான் உளறிக்கொண்டே வந்தேன். நாகமலை தெரிந்தது. கண்மாய்கள் தெரிந்தன. பின்னாலிருந்து முனகல் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. திருப்பரங்குன்றம் மலையைத் தாண்டி, இரண்டு குதி குதித்து, தரையைத் தொட்டோம். மனைவி இறங்கியவுடன் ஓடுபாதை ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள். மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தத்தில் அந்த வாயு இருந்ததைச் சோதித்துச் சொன்ன டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விமானத்தைப் பிரித்துப் பார்த்த என்ஜினியர் சைலன்சரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். அதைச் சுற்றி வருகிற காற்றுதான் ஹீட்டர் காற்றாக உள்ளே வருமாம். அட்டையைத் தூக்கிக் காட்டி, எந்தப் புத்திசாலி இதில் பொட்டு வைத்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் முந்திக்கொண்டான்.

“நாந்தேன்ணே.”

நான் பேசாமல் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தனியாகப் போய் அந்த என்ஜினியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். கவரைப் பிரித்து ஒட்டிய தேதியை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. இந்த அட்டைக்குச் சில மாதங்கள்தான் ஆயுள், நம் ஊர் வெயிலில் அதுவும் குறையும், பொட்டு இல்லாவிட்டாலும் இது பேசியிருக்குமோ என்னவோ என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி நண்பனிடம் சொன்னபோது அவன் முகமும் விழுந்துவிட்டது.

இப்போது அந்த விமானத்தில் பேட்டரியில் ஓடுகிற கருவி இருக்கிறது. வீட்டுக்கு வாங்குகிற அலாரத்தை வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு அலாரம் நிதானமாகத்தான் கத்துமாம், ஆகாயத்தில் அவ்வளவு நேரம் கிடைக்காதாம். கொஞ்சம் வாயு வந்தாலும் எண்ணாகக் காட்டுவது, என்ஜின் சத்தத்தில் காது கேட்காவிட்டாலும் கண்ணில் படுகிற மாதிரி விளக்கு மின்னுவது என்று பார்த்துப் பார்த்து வாங்கினான். அவன் கண்ணுக்கு நேரே மாட்டியிருக்கிறான். கிளம்புமுன் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திக் கத்த வைத்துப் பார்க்கிறான். வாங்கிய தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறான். என் ஜெனரேட்டர் ஷெட்டிலும் ஒன்று தொங்குகிறது.

ஆயுத பூஜைக்கு இன்றும் அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான், மனைவிதான் சந்தனம் கரைத்துத் தருகிறாள். ஆனால் கிண்ணத்தில் விரலைத் தோய்த்ததும், பின் சீட்டில் வாய் திறந்தபடி சாய்ந்து கிடந்த அவள் முகம் முன்னால் வந்து நிற்கிறது. விரலை அப்படியே நிறுத்தி, கண்ணாடியை மாட்டி, அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசி எழுத்து வரை வாசித்த பிறகுதான் பொட்டு வைக்கிறேன்.