டிராக்டருக்கு அடியில் தெளித்த சாணி

எட்டு வயதில் எனக்கு அம்மாவைப் பற்றி ஒரு பெரிய குறை இருந்தது. விடிந்ததும் வாசல் முழுக்கச் சாணி தெளிப்பார். டிராக்டர் நிற்கும் இடத்தை மட்டும் காய்ந்த மண்ணாகவே விட்டுவிடுவார். சோம்பல், வேறென்ன என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

டிராக்டர் அப்பாவுடையது. மலையில் எங்கள் குண்டூர் நாடு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் அம்மா விளக்குமாறும் கையுமாகக் குனிந்து, அடியில் மண்ணைப் பார்த்து, "ஒண்ணும் ஒழுகலீங்க" என்று சொல்லாமல் அப்பா சாவியைத் தொடமாட்டார். அதற்குப் பிறகுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர், குச்சியை உருவி ஆயில் பார்ப்பது எல்லாம். வண்டியே ஓட்டத் தெரியாதவரிடம் இவர் எதற்கு உத்தரவு வாங்குகிறார் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

பொங்கல் லீவில் ஒரு நாள் கிழங்கு லோடு இல்லை. என்னையும் அத்தை பிள்ளைகளையும் டிரெய்லரில் ஏற்றி, வாசலூர்பட்டி ஏரியில் படகில் போகக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அம்மாவுக்கு முன்னால் எழுந்து சாணியைக் கரைத்தேன். அவர் விட்டுவைக்கும் இடத்தையும் விடாமல், டிராக்டருக்கு அடியில் தவழ்ந்து போய்த் தெளித்துவிட்டு வந்தேன். நல்ல பெயர் வாங்காமல் படகேறுவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

அம்மா வந்து பார்த்தார். "அங்க எதுக்கு கண்ணு தெளிச்ச?" என்றார். பிறகு அப்பாவிடம், "பூராவும் ஈரமுங்க. ஒழுகியிருந்தாலும் தெரியாது" என்றார்.

நாங்கள் அதற்குள் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்பாவுக்கும் அவசரம். "ஆயில் பாத்துட்டேன், சரியா இருக்குது. ஒரு நாளைக்கு என்ன புள்ள?"

"காஞ்ச எடத்துல செத்த நேரம் நிறுத்திப் பாத்துட்டுப் போலாமுங்க" என்று அம்மா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அப்பா முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் களத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் சந்தோஷத்தைக் கெடுக்கவே எனக்கு அம்மாவாக வந்தவர் என்று மனதாரத் திட்டினேன்.

அப்போது அம்மா கையை நீட்டினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. ஸ்டீரிங் முழுக்கத் திரும்பியபோது நூல் மாதிரி ஆயில் பீய்ச்சியது. அப்பா இறங்கிக் குனிந்து பார்த்தார். பவர் ஸ்டீரிங்குக்கு ஆயில் போகும் ஓஸ் மடிப்பில் வெடித்திருந்தது.

"கீழ எறங்குற வளைவுல அத்துக்கிட்டிருந்தா, ஸ்டீரிங் கல்லாட்டம் இறுகியிருக்கும்" என்றார், யாரிடமென்று இல்லாமல். அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா மறுபடி ஏறி எஞ்சினை அணைத்தார். கையை மட்டும் ஸ்டீரிங்கிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி, டிரெய்லரில் இருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஐயோ பாவம், என்னைவிட அவருக்குத்தான் படகு ஆசை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கையிலிருந்த முறுக்கில் பாதியை ஒடித்து நீட்டி, "அழுவாதப்பா, நாளைக்குப் போலாம்" என்றேன்.