உயிரோடு இருப்பவனுக்குச் சாவு பீர்

எங்கள் பள்ளத்தாக்கில் பெர்கிட் என்று சொன்னால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய லாரிதான். பால் டேங்கர். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, பாலை எடுத்துக்கொண்டு போய் வோஸ் ஊருக்கு அப்பாலிருக்கும் ஆலையில் இறக்குவாள். அவள் வேலையில் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் டேங்கர் ஓட்டியதில்லை. கிறிஸ்துமஸ் வரைகூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று ஆண்கள் கூட்டுறவுக் கடை வாசலில் பந்தயம் கட்டினார்கள். என் அப்பாவும் கட்டினார். அந்த டிசம்பரில், கண்ணாடி மாதிரி பனி உறைந்து கிடந்த எங்கள் மேட்டுப் பாதையில் அவள் லாரியைப் பின்பக்கமாகவே ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா போய்ப் படுத்துக்கொண்டார்.

பெர்கிட்டும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் முடிவெட்டும் கடை வைத்தேன், அவள் லாரி ஏறினாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றேதான். ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். கெஞ்சினாலும் கேட்கமாட்டாள், திட்டினாலும் கேட்கமாட்டாள்.

அவளுடைய அண்ணன் ஓட்முன் நேர் எதிர். பேச்சு, சிரிப்பு, சோம்பேறித்தனம். மூத்தவன் என்பதால் பண்ணை அவனுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அடுப்பு வீடும், அதிலிருக்கும் பெரிய செப்பு அண்டாவும் கூடவே வந்தன. மாடு கறப்பதில் சுணங்குவான், வேலி கட்டுவதில் சுணங்குவான். பீர் காய்ச்சுவதில் மட்டும் அவன் சுணங்கி யாரும் பார்த்ததில்லை. அது அவனுக்குப் பிழைப்பு இல்லை, பொழுதுபோக்குதான். ஆனால் அவன் அண்டாவில் நெருப்பு மூட்டுகிற நாளில் அவனிடம் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது. அவர்கள் அப்பா காலத்திலிருந்தே அடுப்பு வீடு ஆண்களுக்கு, அப்பம் சுடுவது பெண்களுக்கு. பெர்கிட் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் சவ அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய பீர் ஊற்ற வேண்டும். அதை விற்பது குற்றம் என்பதால் காசு கொடுத்து வாங்க வழியில்லை. வேண்டியவர் யாராவது காய்ச்சித் தர வேண்டும். கடையிலிருந்து டின் பீர் வாங்கி வைத்தால், செத்தவனுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், டின்னைத் திறந்து குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். சுற்றுவட்டாரத்துச் சாவுகளுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுத்தவன் ஓட்முன். ஆனால் தன் சாவு பீரை ஒருவன் தானே காய்ச்சக் கூடாது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கவும் கூடாது. அது பெரிய கேவலம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஓட்முனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. இனிமேல் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம், குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைவிடக் கெட்ட செய்தி என்ன இருக்க முடியும்? ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்ததும் அவன் என்னை முடிவெட்டக் கூப்பிட்டான். சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெர்கிட் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் சாவுக்கு டின் பீர் வச்சீங்கன்னா பெட்டியை ஒடைச்சிட்டு எழுந்து வந்துடுவேன்" என்றான்.

ஷூர் காய்ச்சித் தருவார் என்று நான் சொன்னேன். மலைச்சரிவின் கீழே இருப்பவர். ஓட்முனுக்கு அடுத்தபடி நன்றாகக் காய்ச்சக்கூடியவர், அந்த 'அடுத்தபடி' என்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவர்.

"ஷூரா? அந்தாளு பீரைக் குடுத்து என்னை வழியனுப்புறதுக்குப் பதிலா ஆத்துல தள்ளிவிட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

"நான் காய்ச்சறேன்" என்றாள் பெர்கிட். திரும்பக்கூட இல்லை.

ஓட்முன் சிரித்த சிரிப்பில் என் கத்தரிக்கோல் அவன் காதைப் பதம் பார்த்திருக்கும். "நீயா? லாரிக்காரி, உனக்குக் காபியே வாயில வைக்கிற மாதிரி போட வராதே."

"காய்ச்சறேன். நீ இருக்கும்போதே காய்ச்சறேன். குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் போ."

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தன் சாவு பீரைத் தானே குடித்துப் பார்த்தவன் என்று எங்கள் ஊரில் ஒருவனும் கிடையாது. ஓட்முனுக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு குறிப்புகூடத் தரமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டான். அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

பெர்கிட் லீவு போட்டுவிட்டு அடுப்பு வீட்டைத் திறந்தாள். வாசனைக்கு ஜூனிபர் புதர்க் கிளைகளை வெட்டி வந்து கொதிக்கும் நீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் முளைவிட்ட பார்லியான மால்ட்டை ஊறவைத்து, சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு, விறகு மேல் விறகாக அடுக்கி சாறு சிவக்கும் வரை நாள் முழுக்கக் காய்ச்சினாள். இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பழைய பால் தொட்டி ஒன்றில் சாற்றை ஊற்றி, ஓட்முன் காயவைத்து ஃப்ரீசரில் பத்திரப்படுத்தியிருந்த ஈஸ்ட்டில் பாதியைப் போட்டு மூடினாள். அது அவர்கள் வீட்டு ஈஸ்ட். அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் நுரை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறம் வாசனை வந்தது, அழுகின டர்னிப் வாசனை. ஒருநாள் காலையில் நான் கடையைத் திறக்கப் போகும் வழியில், அவள் தொட்டியைச் சரித்து அத்தனையையும் சரிவில் கொட்டுவதைப் பார்த்தேன். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. உடனே தொட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஓட்முனுக்கு மேல்மாடி ஜன்னல் வழியாகவே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆடுகள் அந்தப் பக்கம் புல் மேய மறுக்கின்றனவாமே என்று அவளைக் கேட்டானாம். கேட்டுவிட்டு வலி தாங்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். அவன் இளைத்துக்கொண்டே வந்தான். கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டான் என்று அவனைப் பார்க்க வந்துபோன செவிலி என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் அன்றே பெர்கிட்டிடம் போய்ச் சண்டை போட்டேன். உன் பிடிவாதத்துக்கு அவனுக்கு இருக்கிற நாளை வீணாக்காதே, ஷூரிடம் சொல், கௌரவமாக ஒரு பீப்பாய் வந்துவிடும் என்றேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஷூர் வீட்டுக்கு நடந்தாள். ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்து நானும் கூடவே போனேன்.

ஷூர் எங்களை உட்காரவைத்து உப்புக்கண்டமும் தட்டை அப்பமும் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். நீ ஏன் கஷ்டப்படுகிறாய், நான் காய்ச்சிக் கொண்டுவருகிறேன், அவன் என்னை எவ்வளவு ஏசினாலும் எனக்கு அவன் மேல் வருத்தமில்லை என்றார். கண்ணில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

"நீங்க காய்ச்ச வேணாம்" என்றாள் பெர்கிட். "நான் எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு மேசையை உதைக்க வேண்டும் போலிருந்தது. ஷூர் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி சாத்துக்குள்ள கையை விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். நல்லா சில்லுன்னு ஆக்கிட்டுத்தான் போட்டேன். ஓடைத் தண்ணியை ராத்திரி பூரா சுத்திலும் ஓடவிட்டிருந்தேன்."

ஷூர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பொண்ணே, அது உன் டேங்கர் இல்லை. நம்ம ஈஸ்ட் குளிர்ல செத்த மாதிரி தூங்கிடும். வெந்நீர்ல குளிக்கிறப்போ கை பொறுக்குமே, அந்தச் சூட்டுல போடணும். போட்டுட்டு கம்பளியால சுத்தி வைக்கணும், கொழந்தையை வைக்கிற மாதிரி."

பெர்கிட்டின் முகம் அப்போதுதான் மாறியது. தன் வாழ்நாள் முழுக்கச் சூடு என்றால் கேடு என்றே பழகியவள் அவள். பால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலே வாங்கமாட்டாள், எந்தப் பண்ணைக்காரன் கத்தினாலும் வாங்கமாட்டாள். சாறு சூடாக இருந்தால் கெட்டுப்போகும் என்று அவள் கையே முடிவு செய்துவிட்டிருக்கிறது. டேங்கர் ஓட்டுகிற ஒருத்தியைத் தவிர எங்கள் ஊரில் வேறு யாரும் செய்யாத தப்பு அது.

மறுபடி நெருப்பு மூட்டினாள். நானும் கடையை மூடிவிட்டு விறகு சுமந்தேன், திட்டிக்கொண்டேதான் சுமந்தேன். மிச்சமிருந்த ஈஸ்ட் அவ்வளவுதான். இதுவும் போனால் இன்னொரு முறைக்கு ஈஸ்ட்டும் இல்லை, அவனுக்கு நாளும் இல்லை. சாயங்காலம் தொட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி விட்டாள். ஈஸ்ட் டப்பாவைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"இந்தச் சூட்டுல பால் இருந்தா மொத்தத்தையும் சாக்கடையில விட்டுட்டு ஆலைக்கு ஃபோன் பண்ணியிருப்பேன்" என்றாள்.

"பால் இல்லை பெர்கிட். போடு."

போட்டாள். ஈஸ்ட் போடும்போது உரக்கக் கத்த வேண்டும், கத்தினால்தான் பீருக்கு வீரியம் வரும், கெட்டது அண்டாது. இது எங்கள் வழக்கம். கத்தாமல் போட்ட பீரை யாரும் நம்பமாட்டார்கள். பெர்கிட் தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சின்னக் குரல் கொடுத்தாள்.

"என்ன இது? லாரிக்குக் குறுக்கால ஆடு வந்தா எப்படிக் கத்துவே, அப்படிக் கத்து" என்றேன்.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். அந்த மாதிரி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. அதில் கோபம் இருந்தது, ஓட்முன் மேலும் அவனுக்கு வந்த நோயின் மேலும் உள்ள கோபம். கத்தி முடித்ததும் கம்பளிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மேல்மாடி ஜன்னல் திறந்தது.

"அங்க யாரைக் கொல்றீங்க?" என்று கேட்டான் ஓட்முன்.

மறுநாள் காலை கம்பளியை விலக்கினால் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பெர்கிட் அந்த நுரையில் கொஞ்சம் அள்ளி, அடுத்த முறைக்கு ஈஸ்ட்டாகக் காயவைத்தாள். தொட்டியின் மேல் கையை வைத்து, உள்ளே அது பொங்குவதைக் கேட்டுக்கொண்டே வெகு நேரம் நின்றாள். நான் அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன்.

பீரைப் பீப்பாய்க்கு மாற்றும் நாளில் அக்கம்பக்கத்தார் அழைப்பு இல்லாமலேயே வருவார்கள். அன்று வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஷூரும் வந்தார். ஓட்முனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். எடையே இல்லை. முதல் கிண்ணத்தை அவனிடம் கொடுத்துவிட்டு பெர்கிட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம்.

ஒரு வாய் குடித்தான். "ஜூனிபர் தூக்கலா இருக்கு" என்றான்.

பெர்கிட் தலையாட்டினாள். அவன் இன்னொரு வாய் குடித்தான். பிறகு கிண்ணத்தை மடியில் இறக்கி வைத்தான். நோய் தெரிந்த நாளிலிருந்து சாவைப் பற்றிக் கேலியைத் தவிர அவன் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. தன் பெட்டிக்குத் தச்சனிடம் தானே அளவு சொல்லி, வயிற்றுக்கு இடம் விட வேண்டாம், காசு மிச்சம் என்று சொன்னவன். அவனுக்குப் பயமே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"நல்லா இருக்கு, பெர்கிட்" என்றான். "எனக்குப் போகப் பிடிக்கலை."

பெர்கிட் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கை வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கிண்ணங்கள் சுற்ற ஆரம்பித்தன. நிரப்பியவர்கள் மறுபடி வந்து நிரப்பினார்கள், கிளம்புகிற எண்ணம் யாருக்கும் இல்லை. ஷூர் பீப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"இப்படியே போனா சாவுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மூடி எடுத்து வச்சுடட்டுமா?"

"மூட வேணாம்" என்றாள் பெர்கிட், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதுக்கு வேற காய்ச்சுவேன். இது அவன் இருக்கறதுக்கு."

எழுந்து, ஓட்முனின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்தாள். அவன் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.