உரக்கடை அண்ணாச்சியின் தாடி

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஆம்பளை தாடி வைத்தால் அது அவன் சொந்த விஷயம் இல்லை. ஊருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். மாலை போட்டிருக்க வேண்டும், இல்லை வீட்டுக்காரி மாசமாக இருக்க வேண்டும், அதுவும் இல்லை என்றால் வீட்டில் சாவு, துட்டி விழுந்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் சேராத தாடி ஒன்றை உரக்கடை சோலைராஜ் அண்ணாச்சி வளர்த்தார். வளர்த்ததோடு விட்டாரா? காரணம் கேட்டவனையெல்லாம் பிடித்து உட்கார வைத்து, "எங்கத கெடக்கட்டும். உமக்கு ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று கேட்டார்.

அடேயப்பா, கடைத்தெரு சிரித்த சிரிப்பு!

யோசனை மகள் ஆனந்தியுடையது. சென்னையில் அவள் ஆபீஸ் பையன்கள் நவம்பர் மாதம் முழுக்க மீசை வளர்ப்பார்களாம். ஆம்பளைகள் வெளியே சொல்லாத நோய்களைப் பற்றிப் பேச்செடுக்க அது ஒரு சாக்காம். போனில் கேட்ட அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, இங்கன மீச வச்சா எவன் கேக்கப்போறான்? மீசய எடுத்தாத்தான் கேப்பான். தாடி வச்சாக் கேப்பான்."

சொல்லிவிட்டாரே ஒழிய, போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் நந்தகோபால் நினைவு. ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனதை உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, இளநீராகக் குடித்துக் காலத்தைக் கடத்தினவர். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை. ரத்தம் கண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. அந்த மனுஷனைக் கொன்றது வெட்கம்தான். தினமும் வழுவழு என்று சிரைக்கிற அண்ணாச்சி, மறுநாளிலிருந்து பிளேடைத் தொடவில்லை.

பாவம், அவர் மனைவி சுதாராணிதான் தெருவில் தலைகாட்ட முடியாமல் தவித்தாள். மார்க்கெட்டில் ஒருத்தி காதைக் கடித்தாள்: "என்ன மைனி, மக கல்யாணத்த வச்சுக்கிட்டு உங்களுக்கு விசேஷமாமே?" வீட்டுக்கு வந்து, "அந்தக் கருமத்த எடுத்துத் தொலைங்க" என்று மூக்கைச் சிந்தினாள். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நாகலாபுரத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி சாமித்துரை, யூரியா வாங்க வருகிறவர், அண்ணாச்சிக்கு வாடிக்கைக்காரர் என்பதைவிடச் சிநேகிதர். கடையில் உட்கார்ந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உர மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி வந்தார். அண்ணாச்சி கவனித்தார். அண்ணன் இப்படித்தான் எழுந்து எழுந்து போவார். கேட்டதற்குச் சாமித்துரை சொன்னார்:

"சூடு அண்ணாச்சி. காட்டுல வெயில்ல நிக்கேன்லா?"

"வெளிய மழ ஊத்துது, சூடாம்ல சூடு! வாரும், டாக்டர்ட்ட நானும் கூட வாரேன்."

"அங்கன போயி வேட்டிய அவுக்கச் சொல்லுதீங்களா? செத்தாலும் மாட்டேன்."

அண்ணாச்சிக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்பக் கேட்டுக்கிடும். நீரு டாக்டரப் பாக்குத வரைக்கும் இந்தத் தாடிய நான் எடுக்க மாட்டேன்."

"தையில பாப்பா கல்யாணம்லா?"

"கல்யாணத்துக்கும் இதோடதான் நிப்பேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற ஆள் இல்லை அவர். கார்த்திகை போனது, மார்கழி பிறந்தது, தாடி முகத்தை மூடியது. எட்டயபுரத்துச் சம்பந்தி சுந்தரபாண்டியன் நேரிலேயே வந்துவிட்டார். "பொண்ணத் தார வாக்கப்போற ஆளு துட்டி வீட்டு மொகத்தோட நிக்கலாமா? எங்க அம்மா சகுனம் பாக்குதவிய. பொங்கலுக்குள்ள எடுக்கலேன்னா, கல்யாணத்தப் பத்தி யோசிக்கணும்ங்காவ" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். சுதாராணி சோறு பொங்கவில்லை. அண்ணாச்சி மகளுக்குப் போன் போட்டார். சம்பந்தி சொன்னதைச் சொன்னார். "பெரியப்பாவ நெனச்சுக்கிட்டேன். எடுக்காதீங்கப்பா" என்றாள் ஆனந்தி, அழுதுகொண்டே. அண்ணாச்சியும் அழுதார். தாடியை எடுக்கவில்லை.

சேதி நாகலாபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனந்தியைச் சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கித் திரிந்தவர் சாமித்துரை. சோறு இறங்கவில்லை அவருக்கு. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே மனைவி வள்ளிமயிலோடு வந்து கடை வாசலில் நின்றார்.

"எந்திரிங்க அண்ணாச்சி. என்னால பாப்பா கல்யாணம் நின்னுறப்படாது. எங்கன வேட்டிய அவுக்கணும், சொல்லுங்க."

பரிசோதனையில் அதே நோய்தான். ஆனால் வெளியே பரவவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஆபரேஷனோடு சரியாகிவிடும் என்றார் டாக்டர். அண்ணாச்சி அங்கிருந்து நேரே சலூனுக்குப் போனார். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு அவர் குலுங்கிக் குலுங்கி அழுததை அந்தத் தெருவே பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

அடுத்த கார்த்திகையில் இரண்டு பேரும் விளாத்திகுளம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். இப்போது தாடி சாமித்துரை முகத்திலும் இருந்தது. டிக்கெட் கிழித்த கண்டக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணாச்சி, வீட்ல யாரும் தவறிட்டாவளா?"

டாக்டரிடம் வேட்டியை அவிழ்க்கவே கூசிய சாமித்துரை, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "யாரும் சாகல தம்பி. அதுக்குத்தான் இந்தத் தாடி. ஆமா, ஒனக்கு ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"