வாதுமை இலையின் அடிப்பக்கம்

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் என் படகில் முதல் ஆளாக ஏறுகிறவள் நப்ரா அண்ணி. கழுத்தில் கேமரா, மடியில் ரொட்டிப் பொட்டலம், வாயில் எனக்கான வசவு.

"ஷாஸ்லி, உன் படகவிட ஆம வேகமாப் போகும்டா."

எங்கள் நைல் ஆற்றங்கரை அஸ்வானில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நடு ஆற்றில் இறக்கிவிட்டிருப்பேன். அண்ணியாகப் போய்விட்டாள்.

அவள் கணவர் ஃபெக்ரி என் பெரியப்பா மகன். ஆற்றுக்கு நடுவே இருக்கும் தீவுத் தோட்டத்தில் காலமெல்லாம் தோட்டக்காரராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் படகில் ஏற்ற வழியில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவே இல்லை, சாப்பாடும் வேண்டாம் என்றார். குவைத்திலிருந்து மகன் அனுப்பிய கேமராவைத் தூக்கிக்கொண்டு அண்ணி தீவுக்குக் கிளம்பியது அப்போதுதான். மரம் மரமாகப் படம் பிடித்து வந்து தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினாள். அண்ணன் மெல்லத் திரும்பினார். "அந்த மாமரத்துல பூச்சி விழுந்திருக்கு. சோம்பேறிப் பசங்க, பாக்க மாட்டானுங்க?" என்று திட்டினார். அவர் திட்டியது எங்களுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது.

கடைசியாக அவர் கேட்பது எப்போதும் தீவின் கிழக்குக் கரை வாதுமையைத்தான். அவர் கையால் நட்டது. தோட்டத்தில் அதற்கு ஃபெக்ரி மரம் என்றே பெயர். அண்ணி அதன் அடியில் மண்ணில் மல்லாந்து படுத்து, வெயில் இலைக்குள் புகுந்து நரம்பெல்லாம் தெரியும்வரை காத்திருப்பாள். ஃப்ளாஷ் போடவே மாட்டாள். கல்யாணப் படம் எடுக்க வருகிற ஜோடிகள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

போன குளிர்காலத்தில் அந்த மரம் பட்டுப்போனது. கரையான். வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் நின்றுகொண்டு அண்ணி என் சட்டையைப் பிடித்தாள்.

"இத அவருகிட்ட சொன்னா மறுபடி சுவரப் பாத்துப் படுத்துருவாரு. அப்புறம் திரும்பவே மாட்டாரு. நீ வாயத் தொறந்த, உன் படகுல ஓட்ட போட்டுருவேன்."

தோட்டத்தின் நடுவே இன்னொரு வாதுமை நின்றது. அன்றிலிருந்து படங்களில் அதன் இலைகளே ஃபெக்ரி மரத்து இலைகளாகின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து செம்பருத்திச் சாறு குடித்தேன். அண்ணன் எல்லா மரத்துக்கும் ஏதாவது குறை சொல்வார். அந்த வாதுமைக்கு மட்டும், "நல்லா இருக்கு" என்பார். அது எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பேரீச்சை பழுக்கும் சமயம், ஒரு வெள்ளிக்கிழமை, படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நப்ரா, இது எந்த மரம்?"

"உங்க மரந்தான்."

"என் மரம் ஆத்தோரம் நிக்குது. காலையில தண்ணி மேல பட்ட வெயிலு திரும்பி வந்து இலையோட அடிப்பக்கம் மினுங்கும். இதுல வெயிலு மேலேர்ந்து மட்டுந்தான் வருது. அடிப்பக்கம் செத்துக் கெடக்கு. குளிர்காலத்துலேர்ந்தே இப்படித்தான்."

அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெட்டிட்டாங்க. கரையான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க கேக்கல?"

"நீ அவ்வளவு பாடுபட்டு ஏமாத்துற. எப்படிக் கேக்கறது?"

சொல்லிவிட்டு அழுதார். மறைக்கவில்லை. நல்ல பக்கத்துக் கையால்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை.

"அடிமரம் இருக்கா?"

"இருக்கு."

"அதப் படம் எடுத்துட்டு வா. காலை வெளிச்சத்துல."

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணி என்னைத் திட்டவே இல்லை. எனக்கு அது என்னவோபோல் இருந்தது. அடிமரத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்தாள். சூரியன் ஏறியது. ஆற்றின் மினுமினுப்பு வெட்டிய மரத்தின் மேல் வந்து அசைந்தது. ஒரே ஒரு படம் எடுத்தாள்.

இலையே இல்லாத அந்தப் படத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"இதான் என் மரம்," என்றார்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு படத்தின் ஓரத்தைக் காட்டினார்.

"சுத்தியும் மண்ணு எப்படிக் காஞ்சு கெடக்கு பாரு. அந்த எடத்துல ஒண்ணு நட வேணாமா? தண்ணி ஊத்தச் சொல்லு. சோம்பேறிப் பசங்க."