பொழுது சாய்ந்தபின் சுடும் சுவர்

ஆவடி பக்கம் வெள்ளானூரில் எங்கள் வீட்டுச் சுவர் மதியத்தைவிடப் பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகம் சுடுகிறது. குன்னூரில் எங்கள் பழைய அக்கம்பக்கத்தாரான உங்களுக்கு இது விளங்காது. இரவில் அலமாரியைத் திறந்தால், மடித்து வைத்த துணி இஸ்திரி போட்டு எடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருக்கும். எங்களுடையது கடைசி மாடி. தலைக்கு மேல் கான்கிரீட் தளம், மேற்கே செங்கல் சுவர். பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரண்டும் இரவில்தான் வெளியே விடுகின்றன.

சுவரின் இதே குணத்தைக் குன்னூரில் நாம் எல்லோரும் விரும்பியிருக்கிறோம். காலையில் சன்னல்களைத் திறந்து வெயிலை உள்ளே விடுவோம். பனி இறங்குமுன் அடைத்துவிடுவோம். கருங்கல் சுவர் அந்தச் சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். என் தொழிற்சாலை வேலை ஆவடிக்கு மாற்றலானபோது சாமான்களோடு அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தோம். மாலையானால் என் மனைவி வசந்தா சன்னல்களை அடைப்பாள். நான் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் சரிபார்ப்பேன்.

ஏப்ரலில் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். ரத்தக்கொதிப்பு உள்ளவள். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், "தூக்கமே இல்லைங்க. இந்த வீட்ல என்னால முடியாது. அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்," என்றாள். அதை அவள் கோபமில்லாமல் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வாரமே குன்னூருக்குக் கிளம்பிவிட்டாள்.

கீழ்வீட்டுக்காரர் பக்கத்துப் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். ஒரு மாலை அவளைப் பற்றி விசாரிக்க மேலே வந்தவர் அடைத்த சன்னல்களைப் பார்த்தார்.

"இன்னா சார், திருடனுக்கு பயந்துகினு சாத்தி வச்சிக்கீறீங்களா?"

"இல்லைங்க, குளிருக்கு," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"குளிரா! ஆவடியிலயா! பகல் பூரா வெயில ஊட்டுக்குள்ள உட்டுட்டு, ராவுல சாத்திகினா அது எப்டி சார் வெளிய போவும்? வாடகையா குடுக்கப் போவுது?"

மறுநாளே எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். பகலில் சன்னல் அடைத்துத் திரை போட்டேன். இருட்டியதும் திறந்து கொசுவலை மாட்டினேன். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன். வீடு கொஞ்சம் ஆறியது. ஆனால் இங்கே இரவுக் காற்றே சூடு. அதைக் கொண்டு கான்கிரீட்டை எவ்வளவுதான் ஆற்ற முடியும்?

ஜூலை பிறந்துவிட்டது; இன்று காலை வசந்தா தொலைபேசியில் பேசினாள். "இங்க இப்ப மழைக் குளிர் தாங்கலைங்க, கால் மரத்துப்போகுது. அங்க சுவர் எப்படி இருக்கு? நான் வரலாமா?"

உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். கையும் சுவரும் ஒரே சூட்டில் இருந்தன. எது எதற்குச் சூட்டைக் கொடுக்கிறது என்று தெரியவில்லை. "கொஞ்சம் இரும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போனேன்.