நின்று நின்று போகும் பஸ்

நாளெல்லாம் பஸ் ஓட்டியது போதாதென்று, டிரைவர் வீட்டுக்கு வந்தும் பழைய கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம்தான் விளையாடுவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். கேமில் கூட்டமான சந்திப்பு வந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். அவரும் பொறுமையாகக் காத்திருப்பார்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"டிராஃபிக்டா."

"டிராஃபிக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. புராசஸர் அரதப்பழசு, திணறுது. மாத்திட்டா நிக்காம ஓடும். மாத்திரலாமா?"

"மாத்தித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

டிரைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டியும் அசையவில்லை.

"வேணாம் மாப்ளே, இது இப்படியே இருக்கட்டும். இங்க மட்டுந்தான் வண்டி நின்னா பின்னாடி எவனும் ஹாரன் அடிக்கமாட்டேங்கிறான்."