ஒரே மீட்டர்

கல்கத்தாவின் டாக்குரியாவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரே மீட்டர். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார், மாடியில் நாங்கள். அவரைப் பெரியம்மா என்கிற அர்த்தத்தில் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். கரண்ட் பில்லில் ஆளுக்குப் பாதி. தொண்ணூறுகளின் கடைசியில் பில் எகிறத் தொடங்கியதும் அந்தப் பாதியே கழுத்தை நெரித்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அப்பா என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மாஷிமா ஃபிரிட்ஜையே அணைத்துவிட்டார். அப்படியும் பில் கூடுதலாகத்தான் வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒரு மாலை மாஷிமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். சனிக்கிழமைதோறும் கடகடவென்று ஓடுகிற அந்த மெஷினை நிறுத்தக் கூடாதா, துணியைக் கையால் துவைத்தால் என்ன என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். கேட்கவே அவருக்குக் கூச்சம்.

எங்களிடம் வாஷிங் மெஷின் கிடையாது. அவர் சொன்னது எங்கள் கிரைண்டரை. அம்மாவின் மணிக்கட்டு முறிந்து, சரியாகக் கூடாமல் போன பிறகு ஊரிலிருந்து ரயிலில் தூக்கி வந்தது. ஞாயிறுதோறும் மாஷிமாவுக்குப் போகும் இட்லியும் அதில் அரைத்ததுதான். பல் போன பிறகு தனக்கு நிம்மதியாக இறங்குவது அது ஒன்றுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு வங்காளம் அரைகுறை. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். வாயைத் திறப்பதற்குள் அம்மா தமிழில் தடுத்தாள்.

"சொல்லாதே. இட்லிக்குன்னு தெரிஞ்சா, பாவம், ஓட்டிக்கோங்கன்னுடுவாங்க. அப்புறம் பில்லுக்கு அவங்க எங்க போவாங்க?"

மாஷிமாவிடம் சரியென்று தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை அரிசி ஊறவில்லை. கிரைண்டர்மேல் அம்மா பழைய துண்டைப் போட்டு மூடினாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் மாஷிமாமேல் கோபப்படவும் முடியவில்லை.

ஞாயிறு காலை கீழிருந்து வழக்கமான குரல். பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கினேன். மாஷிமாவின் டிபன் டப்பா மேலே வந்தது. வெறும் டப்பா அனுப்பக் கூடாதென்று உள்ளே எப்போதும்போல் இரண்டு சந்தேஷ் மிட்டாய். அம்மா சந்தேஷை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு டப்பாவைக் கழுவித் துடைத்தாள். அவளும் வெறும் டப்பா அனுப்ப மாட்டாள். ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு மூடி என்னிடம் கொடுத்தாள்.

பையை இறக்கினேன். கீழே மாஷிமா தட்டோடு நின்றிருந்தார்.